கடல்நீர்த் தொட்டியும் பாசித் தொல்லையும்

நன்னீர் மீன்தொட்டி நம் இல்லங்களுக்குப் புதியதன்று. பொன்மீன் இரண்டும் நீர்ச்செடி ஒன்றும் கொண்ட கண்ணாடிப் பெட்டியின் முன் அமர்ந்து சோறுண்ட பிள்ளைகள் இன்று பெற்றோராகிவிட்டனர். அவர்களுள் சிலர் ஒரு படி மேலே ஏறிக் கடல்நீர்த் தொட்டி வைக்கத் துணிந்திருக்கின்றனர். கோமாளி மீனின் செம்மஞ்சள் நிறம் பிள்ளைகளை மயக்குகிறது. தந்தையின் பணப்பை இளைக்கிறது. கூடத்தின் மூலையில் 200 லிட்டர் கடல் ஒன்று வந்து அமர்ந்துவிடுகிறது.

முதல் இரண்டு வாரங்கள் எல்லாம் நலமே. மூன்றாம் வாரத்தில் வெண்மணலின்மீது பழுப்புத் தூள் படிகிறது. ஆறாம் வாரத்தில் செந்நிற வழும்பு ஒன்று பாய் விரித்தாற்போலப் படர்கிறது. மூன்றாம் மாதத்திலோ கற்கள் அனைத்திலும் பச்சை மயிர் முளைத்து, நீரோட்டத்தில் அசைந்தாடுகிறது. வந்த விருந்தினர் தொட்டியைப் பார்த்துவிட்டு நாகரிகம் கருதி வேறு பேச்சுப் பேசுகின்றனர். இல்லத்தரசியோ, "இந்தப் பணத்திற்கு ஒரு பீரோ வாங்கியிருக்கலாம்" என்கிறார். கடல்நீர்த் தொட்டிகள் பல, ஓராண்டு முடியுமுன் பரணுக்குச் செல்வதற்குக் காரணம் மீனின் இறப்பன்று, இந்தப் பாசியே.

நேயர்கள் முதலில் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். பாசி ஒரு நோயன்று. நாம் தொட்டிக்குள் இட்டதற்கும் அதிலிருந்து எடுத்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் கணக்கு அது. உணவாகவும் நீராகவும் உள்ளே செல்லும் சத்து, அழுக்காக வெளியே வராவிடில், எங்கேனும் தங்கித்தானே ஆக வேண்டும்? ஒளியும் இருக்கும்போது அது பாசியாகத் தங்குகிறது. புதிய தொட்டியில் இது மிகுதியாக நிகழ்வதற்குக் காரணமும் தெளிவானதே. முதிர்ந்த தொட்டியின் ஒவ்வொரு கல்லின் மேற்பரப்பும் ஏற்கெனவே பல்வேறு உயிர்களுக்குச் சொந்தமாகிவிட்டிருக்கும். புதுக் கல்லோ வேலியில்லாத தரிசு நிலம். தரிசில் முதலில் குடியேறுவது எது? விரைந்து முளைக்கும் களைதான்.

அதிலும், தொட்டியின் அடிப்படை வேலையே தொடக்கத்தில் முடிந்திருப்பதில்லை. மீனின் கழிவிலும் எஞ்சிய உணவிலும் இருந்து அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பிறிதொருவகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது அத்துணைக் கொடியதன்று, ஆனால் பாசிக்கு எரு. இந்நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் பெருகி நிலைபெறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் தொட்டியை மீன்களால் நிரப்புவோர் பாசிக்குப் பந்தி விரிக்கின்றனர் என்றே சொல்ல வேண்டும்.

இனி, வந்த பாசி எது என்று அறிய வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே மருத்துவம் இல்லை.

முதலில் வரும் பழுப்புத் தூள் டயாட்டம் எனப்படும் ஓரணு உயிர்களின் கூட்டம். இவை நீரில் கரைந்துள்ள சிலிகேட்டைக் கொண்டு, கண்ணாடியை ஒத்த ஓடு கட்டிக்கொள்பவை. சிலிகேட் தீர்ந்ததும் பெரும்பாலும் தாமாகவே மறையும். இரண்டு மூன்று வாரம் பொறுத்து, கண்ணாடியைத் துடைத்து, மணலின் மேற்பரப்பை மெல்லக் கிளறிவிட்டால் போதுமானது. அவ்வாறு மறையவில்லையெனில் குற்றம் டயாட்டத்திடம் இல்லை. நாம் ஊற்றும் நீரிடம் இருக்கிறது.

இந்த நீரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம், பெரும்பாலோர் இதனை எளிதாக எண்ணிவிடுவதால். கடல்நீர் செய்வதற்கு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் செயற்கைக் கடலுப்பைக் கரைக்கிறோம். சமையல் உப்பு இதற்கு உதவாது. உப்பை விலை கொடுத்து வாங்குகிறவர், அதைக் கரைக்கும் நீரைக் கிணற்றிலிருந்தோ குழாயிலிருந்தோ பிடித்துக்கொள்கிறார். அந்நீரில் ஊருக்கு ஊர் வெவ்வேறு அளவில் சிலிகேட்டும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கலந்திருக்கக் கூடும். அத்தோடு முடியவில்லை. தொட்டியில் நாள்தோறும் நீர் ஆவியாகிறது. ஆவியாவது நீர் மட்டுமே; உப்பும் பிறவும் உள்ளேயே தங்கிவிடும். ஆகவே, குறைவை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் ஆவியாகிறது என்று கொள்வோம். ஆண்டொன்றுக்கு 730 லிட்டர் ஆகிறது. 200 லிட்டர்த் தொட்டியில், அதன் கொள்ளளவைப் போல் மூன்றரை மடங்கு கிணற்று நீரை ஊற்றி, அதிலுள்ள நீரையெல்லாம் போக்கிவிட்டு, அழுக்கை மட்டும் சேமித்து வைத்ததாகிறது! எனவே, ஆர்.ஓ. முறையில் வடித்து, அதன்பின் அயனிநீக்கும் பிசின் வழியாகவும் செலுத்திய நீரே ஏற்றது. டி.டி.எஸ். மானியில் அது சுழியை ஒட்டிக் காட்ட வேண்டும். குடிப்பதற்காக விற்கப்படும் கேன் தண்ணீரும், சுவைக்காகத் தாதுக்களை மீண்டும் சேர்க்கும் வீட்டு ஆர்.ஓ. கருவியின் நீரும் இந்த அளவுக்குத் தூயனவல்ல.

அடுத்தது உணவு. உலர்ந்த மீனுணவில் எடைக்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ் உள்ளது. ஒரு கிராம் உணவில் 10 மில்லிகிராம். அது பாஸ்பேட்டாகும்போது சுமார் 30 மில்லிகிராம். இதனை 200 லிட்டருக்குப் பகிர்ந்தால் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் வருகிறது. பவளம் வளர்க்கும் தொட்டிகளில் பாஸ்பேட் லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை இருப்பதே நலம் என்பது இத்துறையில் பழகியோர் கொள்ளும் அளவு. அங்ஙனமாயின், ஒரு கிராம் உணவே அந்த எல்லையைத் தாண்டப் போதுமானது. அதில் ஒரு பகுதியை மீன் தன் உடலில் சேர்த்துக்கொள்ளும் என்பது மெய்யே. எஞ்சியது நாள்தோறும் சேர்கிறது. வாரத்திற்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் அன்றிருப்பதில் பத்தில் ஒரு பங்கே குறையும். வரவு குறையாமல், நீர் மாற்றுவதை மட்டும் நம்பியிருத்தல் ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதையொக்கும்.

ஆதலின் சோறூட்டும் கையை அடக்குங்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு சிட்டிகை போடும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். நாளுக்கு ஒருவர் என்று முறை வைக்கலாம். இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று தீர்க்கும் அளவே அளவு. வளர்ந்து நலமாயிருக்கும் மீன்கள் வாரத்தில் ஒருநாள் ஒருசந்தி இருப்பதால் மெலிந்துவிடமாட்டா.

உள்ளே சென்றதை அழுகுமுன் வெளியேற்றுவது ஸ்கிம்மர் என்னும் கருவி. நீரில் மிக நுண்ணிய குமிழ்களைப் பாய்ச்சினால், கரைந்துள்ள கரிமப் பொருள்கள் அக்குமிழ்களின் பரப்பில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலேறும். மேலே உள்ள கிண்ணத்தில் முடைநாற்றம் வீசும் கடுந்தேநீர் போன்ற நீர் சேரும். பஞ்சு வடிகட்டியில் சிக்கிய அழுக்கோ நீருக்குள்ளேயே கிடந்து அழுகும். எனவே, பஞ்சை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறையேனும் அலசாவிட்டால், அது வடிகட்டியாக இராமல் எருக்குழியாகிவிடுகிறது.

செந்நிற வழும்புக்கு வருவோம். இது பாசியே அன்று. சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்க் கூட்டம். இப்பூவுலகின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அதனைச் சேர்த்த பெருமை இக்குலத்தையே சாரும். அத்தகைய தொல்குடியை ஒரு புட்டி மருந்தால் வேரறுக்க எண்ணுவது சற்றே துணிச்சலான செயல்! இவற்றுள் சில, நீரில் கரைந்துள்ள நைட்ரஜன் வாயுவையே உணவாக்கிக்கொள்ள வல்லவை. ஆகவே நைட்ரேட்டைக் குறைப்பதால் மட்டும் இவை அஞ்சி ஓடா. நீரோட்டம் மந்தமான மூலைகளில் இவை படிவதைக் காணலாம். சிறு பம்பு ஒன்றை அம்மூலை நோக்கித் திருப்பிவைத்து, வழும்பைச் சிறு ரப்பர்க் குழாயால் உறிஞ்சி வாளியில் விட்டு, அந்த அளவு புதுக் கடல்நீர் ஊற்றி வந்தால் நாளடைவில் குறையும். மூன்று நாள் தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக்குவதும் உண்டு. வாயு கலப்பதற்கு நீர் மட்டும் நன்கு கலங்கிக்கொண்டிருக்க வேண்டும். எரித்ரோமைசின் மாத்திரையைக் கரைத்து ஊற்றுவோரும் உளர். வழும்பு மறையும்; காரணம் மறையாததால் சில வாரங்களில் திரும்பி வரும். மனிதரின் நோய்க்கு வேண்டிய மருந்தை மீன்தொட்டியில் வீணாக்குவது நமக்கு உடன்பாடன்று.

பச்சை மயிர்ப் பாசியே உண்மையான சோதனை. இதற்குப் பலரும் அறியாத ஒரு துணைவன் இருக்கிறான். அவன் தொட்டியிலுள்ள கல்லே. சுண்ணாம்புக் கல், நீரில் பாஸ்பேட் மிகும்போது அதனைத் தன்மீது ஏற்றுக்கொள்கிறது; நீரில் குறையும்போது மெல்ல மெல்லத் திருப்பித் தருகிறது. எனவே உணவைக் குறைத்த மறுவாரமே பாசி மடியும் என்று எதிர்பார்ப்போர் ஏமாறுவர். கல் தன் இருப்பைக் கொடுத்துத் தீர்க்கச் சில மாதங்களும் ஆகலாம். இரும்பு ஆக்சைடுத் துகள்களைப் பையிலிட்டு நீரோட்டத்தில் வைத்தால் அவை பாஸ்பேட்டைப் பற்றிக்கொள்ளும். அளவு மீறாமல் சிறிது சிறிதாக வைக்க வேண்டும்.

இன்னுமொரு மயக்கமும் உண்டு. தொட்டி முழுதும் பாசி மண்டியிருக்கும்; சோதனை நீர்மம் இட்டுப் பார்த்தால் நைட்ரேட்டும் இல்லை, பாஸ்பேட்டும் இல்லை என்று காட்டும். "சத்தே இல்லாத நீரில் பாசி எப்படி?" என்று கேட்கின்றனர். சத்து நீரில் இல்லை, ஐயா. பாசியின் உடலில் இருக்கிறது! சோதனைக் குப்பி நீரை மட்டுமே அளக்கும்.

ஆகவேதான் கையால் பிடுங்குவதைப் போன்ற மருத்துவம் வேறில்லை என்கிறோம். பிடுங்கிய ஒவ்வொரு பிடியும், அது தின்ற நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் சுமந்துகொண்டு தொட்டியை விட்டு வெளியேறுகிறது. கல்லை எடுக்க முடியுமாயின், மாற்றுவதற்கென எடுத்த கடல்நீரில் வைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்க்கலாம். எடுக்க முடியாதெனில், ஒரு கையால் பறித்துக்கொண்டே மறு கையால் குழாயை அருகில் பிடிக்க வேண்டும். பறந்து செல்லும் துணுக்குகள் வேறோரிடத்தில் முளைத்துவிடும். வாரம் ஒருமுறை, அரை மணி நேரம், இரண்டு மூன்று மாதங்கள். இதில் விரைவு வழி கிடையாது.

விரைவு வழி தேடியவரின் நிலையையும் நாம் கண்டிருக்கிறோம். நாமறிந்த ஓர் இல்லத்தில், மகனின் பிறந்தநாளுக்கு உறவினர் வருவதற்குள் தொட்டி பளிச்சென்றிருக்க வேண்டும் என்று தந்தை விரும்பினார். நன்னீர்த் தொட்டிக்கெனச் செய்யப்பட்ட, செம்பு கலந்த பாசிநீக்கி ஒன்றை மாலையில் ஊற்றினார். பாசி மடிந்தது உண்மை. மறுநாட் காலையில் இறால்களும் நத்தைகளும் மல்லாந்து கிடந்தன. முதுகெலும்பற்ற கடலுயிர்களுக்குச் செம்பு கொடிய நஞ்சு. மடிந்த பாசி ஒரேயடியாக அழுகியதில் நீர் வெளுத்துக் கலங்கி, ஆக்சிஜன் குன்றி, மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து தவித்தன. இரண்டு கோமாளி மீன்களில் ஒன்றே பிழைத்தது. அழுத பிள்ளையைத் தேற்றுவதற்குள் பிறந்தநாள் கழிந்தது. அந்தச் செம்பு கல்லிலும் மணலிலும் ஊறியிருந்ததால், அவற்றை எறிந்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

பவளம் வளர்ப்போர்க்குப் பாசிக்கொல்லி மேலும் ஆகாது. பவள உயிரின் திசுக்களுக்குள்ளேயே நுண்பாசி வாழ்கிறது. ஒளியைக் கொண்டு அது சமைப்பதே பவளத்தின் பெரும்பகுதி உணவு. ஆகாத பாசியை மட்டும் கொன்று, ஆகும் பாசியை விட்டுவிடும் நஞ்சை எங்கே தேடுவது?

தூய்மையில் அளவு கடப்பதும் ஆபத்தே. நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சுழிக்கே இறக்கிவிட்ட தொட்டிகளில், டைனோபிளாஜெல்லேட் என்னும் வகை சில வேளை தலையெடுக்கிறது. குமிழ்கள் தொங்கும் பழுப்புச் சளி போலத் தோன்றும். பகலில் பெருகி இரவில் குறையும். சிலவற்றின் நஞ்சால், மேயும் நத்தைகள் மடிகின்றன. பவளத்திற்குள் வாழும் அந்த நல்ல பாசியும் இதே குலத்தைச் சேர்ந்தது என்பது வியப்பு. இங்கே செய்ய வேண்டியது நேர்மாறு: சத்துக்களைச் சிறிது உயரவிட வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு இரண்டு முதல் பத்து மில்லிகிராம் வரை இருப்பதைக் கண்டு கலங்க வேண்டுவதில்லை.

விளக்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வோம். முதல் மாதங்களில் நாளுக்கு ஆறு மணி நேரம் போதும், பிறகு எட்டு. வெயில் விழும் சாளரத்தின் அருகில் தொட்டியை வைக்காதீர்கள்.

மேய்ச்சல் உயிர்களைக் குறித்துச் சற்றே மிகுதியாகச் சொல்ல இடமுண்டு. ஜமைக்காத் தீவின் பவளப்பாறைகளில் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். அங்கே பாசி மேயும் மீன்களை மனிதர் நெடுங்காலமாகப் பிடித்துத் தீர்த்துவிட்டிருந்தனர். மேயும் பொறுப்பு முழுதும் நீண்ட கருமுட்களையுடைய கடல் முள்ளெலியின் தலையில் விழுந்திருந்தது. 1980-இல் ஆலன் என்னும் சூறாவளி பவளங்களை நொறுக்கியது. 1983-ஆம் ஆண்டு பனாமாக் கரையில் தொடங்கிய கொள்ளைநோய், ஓராண்டு அளவில் கரிபியக் கடலெங்கும் பரவி, அம்முள்ளெலிகளில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலாக மாய்த்தது. மேய்வாரில்லாத பாறையைப் பாசி மூடிற்று. 1970-களின் இறுதியில் ஜமைக்காப் பாறைகளின் பரப்பில் பாதிக்கு மேல் மூடியிருந்த உயிர்ப்பவளம், 1990-களின் தொடக்கத்தில் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிட்டது. பெருங்கடலுக்கே அந்நிலையெனில், 200 லிட்டருக்கு மேய்ப்பாளர் இன்றி ஆகுமா?

தொட்டிக்கு ஏற்றவை டர்போ, ட்ரோக்கஸ் வகை நத்தைகளும், காலிச் சங்குகளில் குடியிருக்கும் சிறு நண்டுகளும். இவை குறும்பாசியையே மேயும்; விரல் நீளம் வளர்ந்த பாசியைத் தீண்டா. எனவே, முதலில் கை, பின்னரே நத்தை. நம் கடற்கரை மக்கள் நன்கறிந்த ஓரா மீனின் குலம் பாசி மேய்வதில் தேர்ந்தது. சர்ஜன் மீனும் அவ்வாறே. ஆயின் இவற்றுக்கு நீந்த இடம் வேண்டும். 200 லிட்டரில் அடைப்பது கொடுமை. ஓராவின் முள் குத்தினால் கடுக்கும் என்பதைச் செம்படவர் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லத் தேவையில்லை. நகரத்துப் பிள்ளைக்குச் சொல்லி வைக்க வேண்டும். நத்தைகளையும் ஒரேயடியாக ஐம்பது வாங்கிவிடாதீர்கள். பாசி தீர்ந்தபின் பட்டினியால் அவை மடிந்து, மடிந்தவை அழுகி, மீண்டும் பாசிக்கே எருவாகும்.

கடற்கல்லைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கரையோர ஊர்களில், "தீவிலிருந்து பவளக்கல் கொண்டுவந்து தருகிறேன்" என்போர் இருக்கக் கூடும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001 முதல் பவளங்கள் இடம்பெற்றுள்ளன; எடுப்பதும் விற்பதும் குற்றம். சுட்ட களிமண்ணால் செய்த செயற்கைக் கற்கள் கிடைக்கின்றன. மீனிலும், பொரிப்பகத்தில் பிறந்ததைக் கேட்டு வாங்குங்கள். கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கண்டு பயிற்றுவித்துள்ளனர்.

பாசியைப் பாசியாலேயே வெல்லும் முறையும் ஒன்றுண்டு. அமெரிக்காவின் சுமித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி, பவளத்திட்டுகளில் புல்தரைபோல் வளரும் குறும்பாசி எவ்வளவு விரைவாகச் சத்துக்களை உறிஞ்சுகிறது என்று ஆய்ந்தவர். ஒளியூட்டிய வலைத்தகட்டின்மீது நீரை வழியவிட்டு, அங்கே பாசியை வேண்டுமென்றே வளர்த்து, அவ்வப்போது சுரண்டியெறியும் முறையை அவர் 1980-களில் பரப்பினார். இன்று பலர் தொட்டிக்குக் கீழே தனியறை ஒன்றில் கீட்டோமார்பா என்னும் நூற்பாசியை விளக்கொளியில் வளர்த்து, மாதந்தோறும் அறுவடை செய்கின்றனர். மேலே விளக்கு அணையும் நேரத்தில் கீழே ஏற்றினால், இரவில் நீரின் அமிலத்தன்மை கூடுவதும் மட்டுப்படும். கண்ணுக்கு மறைவான இடத்தில் பாசிக்குச் சோறிட்டுக் கூடத்தில் பட்டினி போடும் இத்தந்திரம் நமக்குப் பெரிதும் பிடித்தமானது.

பறித்த பாசியை என் செய்வது? கடற்கரையில் வாழ்வோர் அதனைக் கடலிலேயே வீசிவிட எண்ணலாம். வேண்டவே வேண்டாம். காலெர்ப்பா டாக்சிபோலியா என்னும் அழகிய தொட்டிப்பாசி, 1984-இல் மொனாக்கோவின் கடலாய்வு அருங்காட்சியகத்தின் அடியில் மத்தியதரைக் கடலில் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்பில் காணப்பட்டது. 2000-ஆம் ஆண்டுக்குள் ஆறு நாடுகளின் கரைகளுக்கு அது பரவிவிட்டது. அதே 2000-இல் கலிபோர்னியாவின் இரண்டு இடங்களில் தென்பட்டபோது, தார்ப்பாய் விரித்து அடியில் குளோரின் செலுத்தி அழித்தனர். ஒழிந்தது என்று 2006-இல் அறிவிப்பதற்குள் 70 இலட்சம் டாலருக்கு மேல் செலவாயிற்று. நம் தொட்டிப் பாசியை நன்னீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி, தோட்டத்தில் புதைத்துவிடுவோம்.

இவ்வளவும் செய்துவந்தால், பெரும்பாலும் ஆறாம் மாதம் முதல் ஓராண்டுக்குள், கல்லின் மேற்பரப்பில் இளஞ்சிவப்பும் ஊதாவுமாகச் சிறு புள்ளிகள் தோன்றும். பாசி மீண்டும் வந்துவிட்டதே என்று அவற்றைச் சுரண்டிவிடாதீர்கள். அதுவும் பாசியே, ஆனால் சுண்ணாம்பைத் தன்னுடலில் சேர்த்துக் கல்லோடு கல்லாக இறுகும் பவளப்பாசி. அது மூடிய இடத்தில் மயிர்ப்பாசி எளிதில் வேர்கொள்ளாது. முன்புறக் கண்ணாடியில் படிவதை மட்டும் சவரத்தகட்டால் வழித்தெடுக்கலாம். தொட்டி அக்ரிலிக்கால் ஆனதாயின் தகடு கீறிவிடும். பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றே போதும்.